சல்லித் தீவும் நம்ம ஜல்லியடிப்பும்

பவளப்பாறை அழியுதுன்னு பேச்செடுத்தா போதும், நம்மாளுங்ககிட்ட மூணு ரெடிமேட் பதில் இருக்கு.

ஒண்ணு: "பூமியே சூடாகுது, இதுல நாம என்னத்த கிழிக்க முடியும்?"

ரெண்டு: "அதான் கவர்மெண்ட்டே சிமெண்ட்ல செயற்கைப் பாறை செஞ்சு கடல்ல போடுதே, பேப்பர்ல பார்க்கலியா?"

மூணு: "எல்லாம் இந்த மீன்பிடிக்கறவங்க பண்ற வேலை சார். அவங்களை உள்ள விடாம இருந்தாலே எல்லாம் சரியாயிடும்."

மூணையும் நல்லா படிச்சவங்க, விவரம் தெரிஞ்சவங்கதான் சொல்றாங்க. மூணும் ஜல்லி. சுத்தமா சலிச்செடுத்த முக்கால் இஞ்ச் ஜல்லி. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ எதாவது போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஊரைப் பார்த்துருவோம்

பவளப்பாறைன்னா உடனே ஆஸ்திரேலியா, மாலத்தீவுன்னு போயிடறோம். டிஸ்கவரி சேனல் பண்ண வேலை. நம்ம ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல, மன்னார் வளைகுடாவுல, வரிசையா 21 தீவு இருக்கு. மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. குருசடை, மனோலி, முயல் தீவு, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காசுவாரி, வான் தீவுன்னு ஒவ்வொண்ணுக்கும் அழகழகா பேரு. இந்தத் தீவுகளைச் சுத்தித்தான் நம்ம பவளப்பாறைங்க இருக்கு. 100 வகைக்கு மேல. 1986-ல இதை கடல் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. 1989-ல உயிர்க்கோளக் காப்பகம். 2001-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் ஏறியாச்சு. பட்டத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை.

பவளம்னா கல்லு இல்லை, உயிரு. கடுகு சைஸ்லேர்ந்து ஆரம்பிக்கற சின்னச் சின்ன ஜீவன்கள் கூட்டமா சேர்ந்து, தன் உடம்பைச் சுத்தி தானே சுண்ணாம்புக் கூடு கட்டிக்குது. அதோட சதைக்குள்ள நுண்ணிய பாசி குடியிருக்கு. வெயில்ல சமைச்சு சாப்பாடு போடறது இந்தப் பாசிதான், பவளத்துக்குக் கலர் தர்றதும் அதேதான். தண்ணி வழக்கமான கோடைச் சூட்டை விட ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி ஏறி சில வாரம் அப்படியே நின்னா, பவளம் அந்தக் குடித்தனக்காரரை வெளிய தள்ளிடும். உடனே வெளேர்னு ஆயிடும். அதான் வெளுப்பு. அப்பவும் செத்துடலை, பட்டினி கிடக்கு. சூடு சீக்கிரம் தணிஞ்சா பாசி திரும்ப வரும். தணியலைன்னா சாவுதான்.

இன்னொரு விஷயம். மான்கொம்பு மாதிரி கிளை விடற பவளம் வருசத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் வளரும். பாறாங்கல் மாதிரி உருண்டையா இருக்கே, அது வருசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தா பெரிசு. உங்க ஆள் உயரத்துக்கு ஒரு பவளம் நிக்குதுன்னா அது உங்க தாத்தாவோட தாத்தா காலத்துல ஆரம்பிச்ச வேலை. உடைக்கறதுக்கு ஒரு கடப்பாரை, அஞ்சு நிமிஷம் போதும்.

காணாமப் போன ரெண்டு தீவு

21 தீவுன்னு சொன்னேன் இல்லையா? புத்தகத்துல அப்படித்தான் இருக்கும். நிஜத்துல ரெண்டைக் காணோம். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணிக்குள்ள போயாச்சு.

கிணத்தைக் காணோம்னு வடிவேலு போலீஸ் ஸ்டேஷன் போனதுக்கு நாம விழுந்து விழுந்து சிரிச்சோம். இங்க ரெண்டு தீவே காணாமப் போச்சு, ஒரு ஈ காக்கா கேக்கலை.

எப்படிப் போச்சு? 1960-கள்லேர்ந்து பவளக்கல்லை உடைச்சு உடைச்சு, வருசத்துக்குப் பல்லாயிரம் டன் கரைக்கு ஏத்தினாங்க. சுண்ணாம்புக் காளவாய்க்கு, கார்பைடு தொழிற்சாலைக்கு, வீடு கட்ட, வேலி கட்ட. (தனுஷ்கோடில 1964 புயலுக்கு அப்புறம் மொட்டையா நிக்குதே ஒரு சர்ச், அதோட சுவத்தைக் கிட்டப் போய்ப் பாருங்க. அதுலயும் பவளக்கல்தான்.) பாறைதான் அலையை உடைக்கற மதில். மதிலை இடிச்சா அலை நேரா மணல்ல வந்து அடிக்கும். தீவுன்றது என்ன, பாறைக்குப் பின்னாடி ஒதுங்கின மணல்மேடு. கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுடுச்சு.

மன்னார் வளைகுடாவுல மொத்தம் சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பாறை. அதுல சுமார் 32 சதுர கிலோமீட்டர் சீரழிஞ்சு போச்சுன்னு, தூத்துக்குடில இருக்கற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வொரு தீவா முங்கிப் பார்த்து கணக்கு எடுத்தாங்க. கடப்பாரை பண்ணதுதான் பெரும்பங்கு.

தேசியப் பூங்கா வந்தது 1986-ல. பவளத்தை புலி, யானை மாதிரி வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணைல சேர்த்தது 2001-ல. கடல்ல கல் எடுக்கறது நிஜமா நின்னது 2005 வாக்குல. போர்டு மாட்டினதுக்கும் வேலை நடந்ததுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 20 வருசம்.

ஜல்லி நம்பர் 1: "பூமியே சூடாகுது, நாம என்ன பண்ண முடியும்?"

முதல்ல ஒத்துக்க வேண்டியதை ஒத்துக்கறேன். சூடு பொய்யில்லை. 1998, 2010, 2016-ன்னு நம்ம கடலே வெளுத்திருக்கு. 2024 ஏப்ரல்ல உலகம் பூரா நாலாவது பெரிய வெளுப்புன்னு அறிவிச்சாங்க. உலகத்துப் பவளப்பாறைல 84 சதவீதம் அந்தச் சூட்டுல மாட்டிக்கிச்சு. பூமி 1.5 டிகிரி சூடேறினா 70-லேர்ந்து 90 சதவீதம் பவளம் போயிடும், 2 டிகிரின்னா அநேகமா மொத்தமும் காலின்னு 2018-ல ஐபிசிசி அறிக்கையே சொல்லுது. நிலக்கரி எரிக்கறதைக் குறைக்காம பவளத்தைக் காப்பாத்த முடியாது. இதுல எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனா அதே சுகந்தி தேவதாசன் நிறுவனத்தோட கணக்கை வரிசையா வச்சுப் பாருங்க. பாறைத் தரைல நூத்துக்கு எவ்வளவு பரப்பு உயிருள்ள பவளம்?

2005: சுமார் 37
2009: சுமார் 43
2010 வெளுப்புக்கு அப்புறம்: 33
2016 வெளுப்புக்கு முன்னாடி: 39
அந்த வெளுப்புக்கு அப்புறம்: 23
2021: 27

என்ன தெரியுது? கல் எடுக்கறது நின்னு நாலே வருசத்துல 37, 43 ஆச்சு. யாரும் பெரிசா ஒண்ணும் பண்ணலை. கடப்பாரையைக் கீழ வச்சாங்க, அவ்வளவுதான். அப்புறம் சூடு வந்து அடிச்சுது, 33. திரும்ப எந்திரிச்சு 39. மறுபடி ஒரே போடு, 23. அப்பவும் மெதுவா 27-க்கு ஏறுது.

அதாவது, அடி வாங்குறது சூட்டால. எந்திரிக்கறது எதால? தண்ணி சுத்தமா இருந்தா, சேறு மூடாம இருந்தா, பாசியைக் கொறிக்கற மீன் இருந்தா, வலை வந்து வழிச்சுட்டுப் போகாம இருந்தா எந்திரிக்கும். இது ஒவ்வொண்ணும் ராமநாதபுரம், தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் எல்லைக்குள்ள இருக்கற விஷயம். பாரிஸ்லயோ நியூயார்க்லயோ மாநாடு போட்டு முடிவெடுக்க வேண்டியது இல்லை.

உதாரணம் வேணுமா? ஹவாய்ல கனியோஹே விரிகுடான்னு ஒண்ணு. பல வருசமா ஊர்ச் சாக்கடை அதுல கலந்துச்சு. பச்சைப் பாசி மண்டி பவளத்தை மூச்சுத் திணற வச்சுது. 1977-78-ல சாக்கடையை அங்கேர்ந்து திருப்பி வெளிக்கடலுக்கு விட்டாங்க. கொஞ்ச வருசத்துல பாசி குறைஞ்சுது, பவளம் திரும்ப வந்துச்சு. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. குழாயை மாத்தினாங்க.

நம்ம கதை? தூத்துக்குடி ஊர்த் தண்ணி பக்கிள் ஓடை வழியா எங்க போகுது? கடலுக்கு. 1979-ல ஓட ஆரம்பிச்ச அனல்மின் நிலையத்தோட சாம்பல் கலந்த தண்ணி எங்க போச்சு? அதுவும் கடலுக்குத்தான். அந்தச் சாம்பல் கடல்தரையில என்ன பண்ணுச்சுன்னு ஆராய்ச்சியாளர்கள் எழுதி வச்சிருக்காங்க. படிக்கத்தான் ஆளில்லை. பவளத்துக்கு வெளிச்சம் வேணும், அது மேல சாம்பலும் சேறும் படிஞ்சா அவ்வளவுதான். அதைக் கேளுங்கன்னா, "குளோபல் வார்மிங் சார்"னு மேல கையைக் காட்டறது. ஜுரத்துல கிடக்கறவன் மூஞ்சில தலைகாணியை வச்சு அமுக்கிட்டு, "ஜுரத்துல போயிட்டான்"னு சொல்ற மாதிரி இருக்கு.

ஜல்லி நம்பர் 2: "அதான் சிமெண்ட் போடறாங்களே!"

இது நிஜமான ஜல்லி. சிமெண்ட் கலந்த ஜல்லி.

தூத்துக்குடிக்குப் பக்கத்துல வான் தீவு கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. 2015-லேர்ந்து அதைச் சுத்தி ஓட்டை வச்ச சிமெண்ட் கூடுகளை இறக்கினாங்க. ஐஐடி மெட்ராஸும் சுகந்தி தேவதாசன் நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து பண்ண வேலை. அலை வேகம் குறைஞ்சுது, மணல் கொஞ்சம் சேர்ந்துச்சு, கூட்டுக்குள்ள மீன் வந்துச்சு, சிமெண்ட் மேல பவளக்குஞ்சும் ஒட்டுச்சு. நல்ல வேலை. குறை சொல்ல மாட்டேன்.

இப்போ அடுத்தது காரைச்சல்லி. 1969-ல 20 ஹெக்டேருக்கு மேல இருந்த தீவு, 2024-ல 3 ஹெக்டேர் சொச்சம். அதைக் காப்பாத்த 2025-ல தமிழ்நாடு அரசு 50 கோடி ரூபா திட்டம் அறிவிச்சிருக்கு. 8,500 சிமெண்ட் கூடு, கூடவே பவள நடவு, கடல்புல் நடவு. இதையும் வரவேற்கிறேன். (சல்லின்னா உடைஞ்ச பொடிக்கல். அந்தச் சல்லித் தீவுக்கு இப்போ ஜல்லி வைத்தியம்!)

எனக்கு வயித்தெரிச்சல் எங்கன்னா, காசு இல்லாம கடல் கட்டிக் கொடுத்த மதிலை நாம டன்னு கணக்குல வித்தோம். இப்போ கோடி கோடியா கடன் வாங்கி அதே இடத்துல சிமெண்ட் மதில் வைக்கிறோம். அதையும் "சாதனை"ன்னு போட்டோ புடிச்சுப் போடறோம். உடைஞ்ச காலுக்கு மாவுக்கட்டு போடறது வைத்தியம்தான். ஆனா ஒரு பக்கம் கட்டுப் போட்டுக்கிட்டே இன்னொரு பக்கம் கட்டையால அடிச்சுக்கிட்டிருந்தா அதுக்கு என்ன பேரு?

சிமெண்ட் கூடு அலையைத் தடுக்கும். சாக்கடையைத் தடுக்காது. சேத்தைத் தடுக்காது. தண்ணிச் சூட்டைக் குறைக்காது. சிமெண்ட் மேல நட்ட பவளமும் அதே தண்ணிலதான் வாழணும்.

ஜல்லி நம்பர் 3: "எல்லாம் மீன்பிடிக்கறவங்களாலதான்"

இதைக் கேட்டாத்தான் எனக்கு பி.பி. ஏறும்.

கல் எடுத்தவங்க கரையோர ஜனங்கதான், உண்மை. வெடி போட்டு மீன் பிடிச்சவங்களும் உண்டு. மறுக்கலை. ஆனா அந்தக் கல்லை வாங்கினது யாரு? காளவாய் யாருது, தொழிற்சாலை யாருது, வீடு யாருது? கடல்ல முங்கினவனுக்கு அன்னாடக் கூலி. இன்னிக்கு வரைக்கும் திட்டு மட்டும் அவனுக்கு.

சின்னப்பாலம் மாதிரி ஊர்கள்ல பாசி எடுக்கற பெண்களைப் பாருங்க. தலைமுறை தலைமுறையா தீவுப்பக்கம் முங்கி, கைவிரல்ல துணியைச் சுத்திக்கிட்டு கடல்பாசி எடுக்கறவங்க. ஐஸ்கிரீம், ஜெல்லி, மாத்திரை வரைக்கும் போற சரக்கு இந்தப் பாசிலேர்ந்து வருது. பூங்கான்னு ஆனதும் ஒரே நாள்ல இவங்க "அத்துமீறி நுழையறவங்க" ஆயிட்டாங்க. ஆனா என்ன பண்ணாங்க தெரியுமா? மாசத்துல 12 நாள்தான் பாசிக்குப் போறதுன்னு அவங்களே கூடிப் பேசி முடிவெடுத்தாங்க. பாசி திரும்ப வளரணும்னு. அதுக்காகவே அந்த ஊர்ப் பெண் ஒருத்தருக்கு 2015-ல அமெரிக்காவுல சீகாலஜி விருது கொடுத்தாங்க. உலகம் விருது கொடுக்குது, நம்மூர்ல படகை மறிக்குது.

இன்னொரு பக்கம் பாருங்க. பிலிப்பைன்ஸ் பக்கத்துலேர்ந்து வந்த கப்பாஃபைகஸ்னு ஒரு பாசி. 2000 வாக்குல பெப்சி கம்பெனி மண்டபம் பக்கம் ஒப்பந்த முறைல வளர்க்க விட்டுச்சு. ஊர்ல இன்னிக்கும் அதுக்குப் பேரே "பெப்சி பாசி". மன்னார் வளைகுடாவுல இதை வளர்க்கக் கூடாதுன்னு 2005-ல அரசாணை வந்துச்சு. ஆணையைப் பாசி படிக்குமா? 2008-ல குருசடைத் தீவுல உயிருள்ள பவளம் மேலயே அது படர்ந்து கிடக்குன்னு விஞ்ஞானிகள் எழுதினாங்க. பாய் விரிச்ச மாதிரி மூடி, வெளிச்சத்தை மறைச்சு, அடில இருக்கற பவளத்தைக் கொன்னுடும். அப்புறம் வனத்துறையே ஆள் வச்சுக் கையால பிடுங்க வேண்டியதாப் போச்சு. முழு மண்டபத்தையும் "மீனவர்களால் ஆபத்து"ன்னு சொன்ன எவனாவது அன்னிக்கு ஆய்வுக்கூடத்தையும் கம்பெனியையும் பார்த்து வாயைத் திறந்தானா?

பாசி வளர்க்கவே வேண்டாம்னு சொல்ல வரலை. 2023-ல ராமநாதபுரம் வலமாவூர்ல கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்காங்க. வேலை வரட்டும், வருமானம் வரட்டும். எந்தப் பாசி, எங்க, பரவினா யாரு பொறுப்புங்கற மூணு கேள்விக்குப் பதில் முதல்ல வரட்டும்.

ஒரு தடவை மண்டபம் பக்கம் கண்ணாடி வச்ச படகுல போனேன். கூட வந்த, பார்த்தா நல்லா படிச்ச மாதிரி இருந்த ஒரு குடும்பஸ்தர், ஷோகேஸ்ல வைக்க ஒரு துண்டு பவளம் உடைச்சுத் தர முடியுமான்னு படகுக்கார அண்ணாச்சியைக் கேட்டார். அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே, "ஜெயில்ல ஷோகேஸ் கிடையாது சார்"னாரு. முதல் அட்டவணை உயிருன்னா குறைஞ்சது 3 வருசம், அதிகபட்சம் 7 வருசம் உள்ள போடலாம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம ஆளுக்குத் தெரியலை. யாருக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தணும்?

ஜல்லி போடாம தோண்டின கதை

சேதுவைச் சொல்லாம முடிச்சா பதிவு முழுமையாகாது. 2005 ஜூலைல மதுரைல தொடங்கி வச்சாங்க. 12 மீட்டர் ஆழம், 300 மீட்டர் அகலம், 167 கிலோமீட்டர் நீளம். தோண்டற சேறு மட்டும் 8 கோடி கன மீட்டருக்கு மேல.

2007-ல நம்ம பதிவுலகம் ரெண்டா பொளந்து நின்னது பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலத்தைக் கட்டினது ராமரா, இயற்கையான்னு ஆளாளுக்குப் பதிவு, எதிர்ப்பதிவு, எதிர்ப்பதிவுக்கு எதிர்ப்பதிவு. 200, 300-ன்னு பின்னூட்டம். அத்தனை கும்மில பவளம்ங்கற வார்த்தை எத்தனை தடவை வந்துச்சு? தோண்டின சேத்தை எங்க கொட்டுவாங்க, நீரோட்டம் அதை எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போகும்னு எத்தனை பேர் கேட்டோம்? பக்தியும் பகுத்தறிவும் மல்லுக்கட்டின மைதானத்துல, அடில இருந்த உயிரை ரெண்டு கட்சியும் மிதிச்சுட்டுப் போச்சு.

அப்புறம் கோர்ட்டு தடை போட்டுச்சு. பச்சௌரி கமிட்டி மாத்து வழியை ஆராய்ஞ்சு, பொருளாதாரத்துக்கும் சரி, சுற்றுச்சூழலுக்கும் சரி, இது தேறாதுன்னு சொல்லிச்சு. அதோட முடிஞ்சுதுன்னு பார்த்தா, 2023 ஜனவரில திட்டத்தைத் திரும்ப நிறைவேத்தணும்னு சட்டசபைல தீர்மானம். ஒரே கடல்ல ஒரு கைல வாய்க்கால் தோண்டத் தீர்மானம், மறு கைல தீவைக் காப்பாத்த சிமெண்ட். எந்தக் கை நிஜம்?

அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?

இதுக்குத்தான் வருவீங்கன்னு தெரியும். பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

1. கரைலேர்ந்து 3 கடல் மைலுக்குள்ள விசைப்படகு இழுவலை போடக்கூடாதுன்னு 1983-லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. புதுச் சட்டம் வேண்டாம், இருக்கறதை அமல்படுத்துங்க. நாட்டுப்படகுக்காரங்க பல வருசமா இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க.

2. கரையோர ஊர்ச் சாக்கடை சுத்திகரிக்காம கடல்ல விழக் கூடாது. தொழிற்சாலை, மின்நிலையத் தண்ணியோட அளவையும் தரத்தையும் மாசாமாசம் தமிழ்ல போர்டுல எழுதிப் போடுங்க. கரைல நிக்கறவன் படிக்கணும்.

3. பாசிப் பெண்களையும் நாட்டுப்படகுக்காரங்களையும் காவல்காரங்களா ஆக்குங்க. பாசி படர்ந்தாலும், வலை அறுந்து பாறைல சிக்கினாலும், பவளம் வெளுத்தாலும் முதல்ல பார்க்கப் போறது அவங்க கண்ணுதான்.

4. மான்கொம்பு பவளத்தைக் கடைல பார்த்தா வாங்காதீங்க. வாங்க ஆள் இல்லைன்னா உடைக்க ஆள் இருக்காது.

5. சிமெண்ட் போடுங்க, தாராளமா. ஆனா ஒவ்வொரு கோடிக்கும் பக்கத்துல, அந்தத் தீவுக்கு வர்ற கழிவை எவ்வளவு குறைச்சோம்னு ஒரு கணக்கும் போடுங்க.

37 எப்படி 43 ஆச்சுன்னு மேல பார்த்தோம். அந்தப் பாறை நம்மகிட்ட எதையும் கேக்கலை. கொஞ்சம் கையை எடுங்கப்பான்னு மட்டும்தான் கேட்டுச்சு. நாலு வருசம் எடுத்தோம், எந்திரிச்சுக் காட்டிச்சு. இப்போ சூடு வேற ஏறுது. எந்திரிக்க அதுக்குக் கிடைக்கற இடைவெளி வரவரச் சின்னதாகிட்டே வருது. அந்த இடைவெளிலயும் நாம சாக்கடையை விட்டா, அடுத்த தடவை 23-ல நிக்காது.

பக்கத்துலயே கடல் இருக்கற பதிவர்கள் நிறைய பேர் இருக்கீங்க. உங்க ஊர்த் தண்ணி எந்த ஓடை வழியா, எந்த இடத்துல கடல்ல விழுதுன்னு ஒரு எட்டு போய்ப் பார்த்து, ஒரு போட்டோவோட பதிவு போடுங்க. யாரு பாலம் கட்டினதுங்கற ஆராய்ச்சியை விட அது உபயோகமா இருக்கும்.

டிஸ்கி 1: "நீ ஏசி போடலியா, கார்ல போகலியா"ன்னு கேக்க வர்ற அனானிகளுக்கு: போடறேன், போறேன். அதுக்காக பக்கிள் ஓடைத் தண்ணி சுத்தமாயிடாது. வேற கேள்வி இருந்தா கேளுங்க.

டிஸ்கி 2: சேது ஆதரவு, எதிர்ப்பு ரெண்டு பார்ட்டிக்கும் பின்னூட்டப் பெட்டி திறந்திருக்கு. ஒரே ஒரு கண்டிஷன். ஒவ்வொரு பின்னூட்டத்துலயும் ஒரு தடவையாவது பவளம்ங்கற வார்த்தை வரணும்.